கீழ்த்தளத்தில் அடுத்தவர் சமயம்: சிங்கப்பூர்வாசிகளே, உங்கள் அனுபவம் என்ன?

தோ பாயோ வாசகி

அப்பாவின் இறுதிச் சடங்கை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நடத்திய நாளில், எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வாழ்பவர்களுக்கு இது புதிதல்ல. இரு தரப்பும் நகர மன்றத்தின் அனுமதி பெற்றிருந்தோம். ஆனால், நாங்கள் மண்டாய் தகன மையத்துக்குப் புறப்பட வேண்டிய நேரமும் மாப்பிள்ளை கொம்பாங் என்னும் கைமுரசின் முழக்கத்தோடு வந்திறங்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. "நம்மிடமும் கடிதம் இருக்கிறது, நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?" என்று சித்தப்பா உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, சொங்கோக் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். அவர் மாப்பிள்ளையின் தந்தை. "அவரை நல்லபடியாக அனுப்பிவையுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அப்பாவின் பெட்டியருகே சற்று நேரம் நின்றார். எங்கள் வண்டி நகரும் வரை, அந்த வீட்டு இளைஞர்கள் கொம்பாங்கை மார்போடு அணைத்தபடி வாகன நிறுத்துமிடத்து வெயிலில் ஓசையின்றி நின்றார்கள். அவர்கள் இடத்தில் நாங்கள் இருந்திருந்தால், சித்தப்பா நாதசுரத்தை நிறுத்தச் சொல்லியிருப்பாரா என்ற கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

காவடி அன்பர்

சகோதரி, அந்தப் பெரியவரை வணங்குகிறேன். ஆயினும் இதைத் தனிமனிதப் பண்பாக மட்டும் பார்க்க என்னால் இயலவில்லை. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அந்த நாள்களில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர் என் தாயார். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதத்தை வரையறுக்காமல் இருந்திருந்தால், அந்த இரண்டு பந்தல்களும் எதிரெதிரே அமைந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

விதிக்கு ஒரு விலையும் உண்டு. மேளக் குழுக்களிடையே நடந்த சண்டைகளால், 1973இல் தைப்பூச ஊர்வல வழியில் இசைக்குத் தடை வந்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கும் மேல் காவடி சுமந்த என் மகன் பாதி வழியில் தள்ளாடியபோது, நண்பன் ஒருவன் உருமியை எடுத்தான். பணியில் இருந்த ஒருவர், அவரும் தமிழர், நெற்றியில் திருநீறு அணிந்தவர், "அண்ணே, வேண்டாம்" என்று சொல்லித் தோலின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை அடக்கினார். 2016 முதல் வழியில் சில இடங்களில் இசைக்க அனுமதி கிடைத்துள்ளது, மகிழ்ச்சிதான். ஆனால் மகன் காவடி எடுத்த அந்தத் தைப்பூசத்துக்கு அடுத்த மாதமே எங்கள் புளோக்கில் சிங்க நடன முரசு ஒலித்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

தாதிமை

ஐயா, விதிதான் நம்மைக் காக்கிறது என்கிறீர்கள். நான் தமிழ் முஸ்லிம். பணிக்கு வரும்போது துடோங் என்னும் தலைத்துணியைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் பொதுவான தோற்றம் வேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2021 நவம்பர் 1 முதல் பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் அதை அணியலாம் என்றானது. முதல் நாள் காலையில், வாரக்கணக்கில் நான் குளிப்பாட்டி உணவூட்டிய சீனப் பாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்து, "வழக்கமாக வரும் பிள்ளை எங்கே?" என்று கேட்டார். நான் பேசியதும் குரலைக் கண்டுகொண்டு, என் கையைப் பற்றிக்கொண்டார். ஒரே தோற்றத்தில் இருந்தால்தான் நோயாளி நம்புவார் என்று வாதிட்டவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஈசூன் மூத்தவர்

எங்கள் புதுமனை புகுவிழாவில் ஹோமப் புகையைக் கண்டு, அடுத்த வீட்டுச் சீன அம்மையார் ஈரத்துண்டோடு ஓடிவந்தார். அவருக்கு ஆஸ்துமா என்று அப்போதுதான் தெரியவந்தது. எனவே, கேட்கப்படாவிட்டாலும் சில யோசனைகளைச் சொல்கிறேன். ஹோமம் வளர்ப்பவர்கள் இருபுறத்து வீட்டாரிடமும் மேல்மாடியில் இருப்பவர்களிடமும் சில நாள்கள் முன்னதாகவே நேரில் சென்று சொல்லுங்கள். குண்டம் சிறியதாகவும் சமித்து உலர்ந்ததாகவும் இருந்தால் புகை பெருமளவு குறையும். சீனர்கள் முன்னோருக்காகக் காகிதம் எரிக்கும் ஏழாம் சந்திர மாதத்தில், சாம்பல் பறக்கும் மாலைகளில், புகார் எழுதுவதற்கு முன் துணி காயும் கம்புகளை உள்ளே எடுத்துவிட்டு, நகர மன்றம் வைத்திருக்கும் எரிகலனைப் பயன்படுத்துமாறு முகம் பார்த்துக் கேளுங்கள். முஸ்லிம் அண்டைவீட்டாரைத் தீபாவளி விருந்துக்கு அழைக்கும்போது, சைவ உணவுதானே என்று விட்டுவிடாமல், ஹலால் சான்று பெற்ற கடையிலிருந்து வரவழைத்துத் தனித்தட்டில் பரிமாறுங்கள். காவடி அன்பர் சொன்ன விதிகள் எதிலும் இவை இல்லை; தோ பாயோ வாசகியின் சித்தப்பா போன்றவர்களுக்குப் பந்தல் போடுவதற்கு முன்பே இவற்றை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். துக்க வீடானாலும் திருமண வீடானாலும், எதிர்ப் புளோக்கின் பதிவு நேரத்தை அனுமதி வாங்கும் அன்றே நகர மன்றத்தில் விசாரித்து வையுங்கள்.