எத்தனை புலி இருந்தால் போதும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

தாளவாடிக்காரன் (கேள்வி)

தாளவாடி மலையில முட்டைக்கோசும் கரும்பும் வெக்கிற ஆளுங்க நான். தோட்டத்து வேலிக்கு அந்தாண்ட காடு. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல கட்டியிருந்த கன்னுக்குட்டியைப் புலி அடிச்சிருச்சு. இழப்பீட்டுக்கு எழுதிக் குடுக்க அவரோட நானும் போனேன். அங்க பேச்சுவாக்குல ஒரு சேதி சொன்னாங்க. 2010-ல ரஷ்யாவுல புலி இருக்கிற 13 நாடும் கூடி, 2022-க்குள்ள புலியை இரட்டிப்பாக்கறதுன்னு முடிவு பண்ணினாங்களாம். நம்ம சத்தியமங்கலம் அதைச் செஞ்சு காட்டினதுக்கு விருதும் வந்துச்சாம்.

நல்ல சமாச்சாரம்தான். நான் புலிக்கு விரோதி இல்லைங்க. ஆனா அது ஏன் ரெண்டு மடங்கு? ஒண்ணரை மடங்கு பத்தாதா, மூணு மடங்கு கூடாதா? ஏக்கருக்கு எத்தனை நாத்துன்னு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. காட்டுக்கும் அப்படி ஏதாச்சும் இருக்குதா, இல்ல மேல உக்காந்து வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. "காட்டோரத்துல ஏன் குடியிருக்கறே"ன்னு மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

மாயாற்று மணல்

வணக்கங்கண்ணா. புலிக் கணக்கெடுப்புல களப்பணியாளா மாயாறு பக்கம் சில வருசம் திரிஞ்சவன் நான். இப்ப கோயமுத்தூர்ல வேற பொழப்பு.

முதல்ல அந்த ரெண்டு மடங்கு. அது காட்டைப் பாத்துப் போட்ட கணக்கே இல்லைங்க. சீனக் காலண்டர்படி 2010 புலி வருசம். அடுத்த புலி வருசம் 2022. அந்தப் பன்னண்டு வருசம்தான் கெடு. அப்ப உலகம் பூரா சேர்த்து 3,200 புலி இருக்கும்னு ஒரு மதிப்பீடு. அதை ஆறாயிரத்துக்கு மேல கொண்டுபோறதுன்னு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல உறுதி குடுத்தாங்க. பல நாட்டுத் தலைவர்கள் கூடற எடத்துல சட்டுனு மனசுல நிக்கற வார்த்தை ஒண்ணு வேணும், "இரட்டிப்பு" நின்னுச்சு. நான் அதைக் கேலி பண்ணலை. அந்த வார்த்தையைக் காட்டித்தான் பணமும் வந்துச்சு, ஆளும் வந்தாங்க.

நீங்க கேட்ட ஏக்கர் கணக்கு காட்டுக்கும் உண்டு. ஒரு புலி வருசத்துக்கு மான், காட்டெருமை மாதிரி ஏறக்குறைய 50 பெரிய உருப்படிகளை அடிக்கும். அந்த அம்பது போயும் மந்தை குறையாம இருக்கணும்னா அதோட எல்லைக்குள்ள 500 உருப்படியாவது மேயணும். புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகாவுல நாகரஹொளேக் காட்டுல வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது இது. கடமான், காட்டெருமை, புள்ளிமான் எல்லாம் நெறஞ்சிருக்கிற அந்த மாதிரிக் காட்டுல ஒரு பெண்புலி இருபது சதுர கிலோமீட்டருக்குள்ளயே குட்டிகளை வளத்துரும். ரஷ்யாவோட தூரக் கிழக்குல, இரை கொறஞ்ச பனிக்காட்டுல, அதுக்கே 400 சதுர கிலோமீட்டர் வேணும்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் இன்னொரு கணக்கு வெச்சிருக்கு. மேடையில அதிகம் பேச மாட்டாங்க. குட்டி போடற பெண்புலி 20 இருக்கணும், அதுக்கு ஆள் தொந்தரவு இல்லாத காடு 800-லிருந்து 1,000 சதுர கிலோமீட்டர் வேணும். சத்தியமங்கலத்தோட மொத்தப் பரப்பு 1,408, அதுல மையப்பகுதி 793 சொச்சம். எனக்குப் பிடிச்ச இலக்கு இந்த வகைதான். தலையை எண்ணாம தாயை எண்ணுது.

விருது நிசந்தான். 2011 வாக்குல 25 இருந்தது 80 ஆச்சுன்னு, 2022 ஜனவரியில நமக்கும் நேபாளத்துப் பர்தியா தேசியப் பூங்காவுக்கும் குடுத்தாங்க. காவலுக்கு நின்னவங்க உழைப்பை நான் கொறச்சுப் பேசலை, கூட நடந்தவன். ஆனா அந்தப் பழைய 25-ஐ நான் முழுசா நம்ப மாட்டேன். 2004 வரைக்கும் அது வீரப்பன் காடு, அதிரடிப்படைக் காடு. 2013-லதான் புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. நடுவுல எடுத்த கணக்கு எந்த அளவுக்கு மூலைமுடுக்கெல்லாம் போயிருக்கும்னு எனக்குச் சந்தேகம். அப்புறம், நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு, முதுமலை, சத்தி, பி.ஆர். மலை எல்லாம் ஒட்டிக் கெடக்கற காடு. 2018 கணக்குல மொத்தமா 724 புலி. ஒரு பக்கம் நெறஞ்சா எளசுக அடுத்த பக்கம் எடம் தேடிக் கிளம்பும்.

உங்க பக்கத்துத் தோட்டத்துக் கன்னுக்குட்டிக்கு வர்றேன். கணக்கெடுக்கறப்ப வண்டித்தடத்துக்கு ரெண்டு பக்கமும் முழங்கால் ஒசரத்துல ஒவ்வொரு கேமரா கட்டுவோம். புலியோட எடது விலாக் கோடு வேற, வலது விலாக் கோடு வேற. ரெண்டும் சேந்து விழுந்தாத்தான் இன்ன புலின்னு அடிச்சுச் சொல்ல முடியும். நேருக்கு நேரா கட்டினா ஒண்ணோட வெளிச்சம் இன்னொண்ணு படத்தைக் கெடுத்துரும், அதனால கொஞ்சம் தள்ளிக் கட்டுவோம். முன்னால இருக்கிற புல்லை வெட்டாம வந்தா, காத்துல ஆடற புல்லையே கார்டு நெறய எடுத்து வெச்சிருக்கும். யானைக்குப் பிடிக்கலைன்னா பெட்டியைப் புடுங்கி மிதிச்சிட்டுப் போயிரும். மிச்சம் கெடைச்ச கார்டைக் கொண்டாந்து கம்ப்யூட்டர்ல போட்டா மாடு, மாடு, ஆடு, வெறகுக்கட்டு தூக்கிட்டுப் போற அம்மா, மறுபடியும் மாடு. எங்கயோ ஒரு கடமான். புலிப் படம் வந்தா எல்லாரும் ஓடி வந்து பாப்பாங்க. நான் அந்த மாட்டுப் படங்களைத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். பட்டி மாடு நெறய எறங்கற பள்ளத்துல கடமானைப் பாக்கறது அபூர்வம். கடமான் கொறஞ்ச எடத்துல புலி எதை அடிக்கும்? அதுலயும் எல்லை கிடைக்காத எளசும், சண்டையில தோத்த கிழடும்தான் காட்டோரத்துக்கு வரும்.

கூட்டல்_கழித்தல்

மணல் சொன்னதோடு சில எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001-02இல் கால்தடத்தை வைத்து எடுத்த கணக்குப்படி இந்தியாவில் 3,642 புலிகள். கேமராவும் புள்ளியியலும் வந்தபின் 2006இல் அது 1,411. நாலு வருடத்தில் பாதிக்கு மேல் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை, பழைய கணக்கு ஊதிப் பெருத்திருந்தது. தன் காட்டில் எண்ணிக்கை குறைந்தது என்று எழுத எந்த அதிகாரிக்குத்தான் கை வரும்? ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் கடைசிப் புலியும் போனது 2004-05இல் வெளியே தெரிந்தபோது ஏட்டில் இன்னும் புலிகள் இருந்தன. 2009இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொன்று. 2006இன் 1,411இல் சுந்தரவனம் கிடையாது, 2010இன் 1,706இல் உண்டு. 2018இல் 2,967 என்றார்கள். அதில் படத்தில் விழுந்தவை 2,461, மீதி கணிப்பு. 2022இல் குறைந்தது 3,167, சராசரி 3,682. ஏறியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் சந்தேகம்.

உலக அளவில் இரட்டிப்பு நடக்கவே இல்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2022இல் சொன்னது 3,726 முதல் 5,578 வரை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றும் கையெழுத்திட்ட நாடுகள்தான். அங்கே காட்டில் புலியே இல்லாமல் போய்விட்டது. உலகத்துக்கு ஒரே மொத்த எண்ணை இலக்காக வைத்தால் இந்தியாவும் நேபாளமும் ஏறுவது இந்த மூன்றையும் மறைத்துவிடும்.

தாளவாடிக்காரன்

அப்ப நம்பரே வேண்டாங்கறீங்களா? நம்பர் இல்லாட்டி நாங்க யாரைப் புடிச்சு என்னன்னு கேக்கறது? "போதும், இதுக்கு மேல வேண்டாம்"னு சொல்லறதுக்கும் ஒரு நம்பர் வேணுமில்லைங்க.

மாயாற்று மணல்

நேபாளத்துல அந்தப் பேச்சு வந்திருச்சுங்கண்ணா. 2009-ல 121 இருந்தது 2022-ல 355 ஆச்சு. பர்தியாவுல மட்டும் 18 போய் 125. ஊரெல்லாம் பாராட்டினாங்க. ஆள் சாவும் கூடிருச்சு. பிரதமரா இருந்த கே.பி. சர்மா ஒலி, எங்க நாட்டுக்கு 150 புலி போதும்னு பேசினார். அந்த 150 எந்தக் காட்டை அளந்து வந்ததுன்னு எனக்குப் புரியலை. இரட்டிப்பு வந்த மாதிரியே அதுவும் வாயிலிருந்துதான் வந்திருக்கணும்.

இதுக்குக் கீழ போகவே கூடாதுங்கற நம்பர் வேணும். குட்டி போடற இருபது பெண்புலி அந்த வகை. உச்ச வரம்பு வெக்கறதுதான் ஆகாத காரியம். எண்பத்தோராவது புலிகிட்டப் போய் எடமில்லைன்னு சொல்ல முடியுமா? இரையும் எடமும் விட்ட அளவுக்கு அது இருக்கும், மிஞ்சினது வெளிய வரும். எங்கிட்டக் கேட்டா, புலிக் கணக்கு வெளியிடற அன்னிக்கே இன்னும் ரெண்டு நம்பரைப் பக்கத்துல போடச் சொல்லுவேன். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கடமான் எத்தனை, அது ஒண்ணு. மாடு அடிபட்ட நாள்லேருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள், அது இன்னொண்ணு.

வால்பாறை மேடு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். வரையாட்டிலும் இதே கூத்துதான். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. உடனே "ஒரே வருடத்தில் 272 கூடியது" என்று படம் போட்டுக் கொண்டாடினார்கள். வரையாடு ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். கூடியதில் எவ்வளவு புதுக் குட்டி, எவ்வளவு போன தடவை மேகமூட்டத்தில் கண்ணில் படாதது என்று பிரித்துச் சொல்ல இரண்டு வருடக் கணக்கு போதாது. எங்கள் பக்கம் ஒவ்வொரு பாறை முகட்டிலும் ஒரு சின்னக் கூட்டம், நடுவில் தேயிலைத் தோட்டம். மொத்தம் இரண்டாயிரம் ஆனாலும் முகட்டுக்கு முகடு ஆடு போக வழியில்லை என்றால் என்ன பிரயோசனம்? இத்தனை முகடுகளில் கூட்டம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால் ஒத்துக்கொள்வேன்.

தாளவாடிக்காரன்

மணலு, ஒண்ணு மட்டும் ஒதைக்குது. மாட்டை வெளிய எடுத்தாக் கடமான் வரும்ங்கறீங்க. 2022-ல ஐகோர்ட்டும் புலிகள் காப்பகத்துக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு சொல்லியாச்சு. பர்கூர்ல செவலை மாட்டைப் பட்டி போட்டு மேய்ச்சே பொழைக்கிற சனம் இருக்கு. பட்டிக்காரன் மாட்டை எங்க ஓட்டிட்டுப் போவான்? கடமானுக்கு இத்தனைன்னு எழுதறப்ப அவனுக்கு எத்தனைன்னு யாராச்சும் எழுதினாங்களா?

மாயாற்று மணல்

நான் பாத்த வரைக்கும் எழுதலைங்கண்ணா. கேக்க வேண்டிய கேள்விதான். பர்கூர்க்காரங்களுக்கு முழுப் பதில் எங்கிட்ட இல்லை. ஆனா மாயாத்துப் பள்ளத்தாக்குல சீமைக் கருவேலம் மூடிக் கெடக்கற எடம் அவ்வளவு இருக்கு. காட்டுக்குள்ள உண்ணிச்செடி வேற. அடியில புல்லு மொளைக்காது, மாட்டுக்கும் ஆகாது, மானுக்கும் ஆகாது. அடுத்த கிராம சபையில வனத்துறை ஆளுக வந்தா, புலி எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, இந்த வருசம் எத்தனை ஏக்கர் கருவேலத்தை வேரோட எடுத்தீங்க, எடுத்த எடத்துல புல்லு வந்துச்சா, திருப்பி மொளைச்சிருச்சான்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுதுங்க.