புதுப்பிப்பு: கறவை மெஷினுக்கு ரப்பர் லைனரா, சிலிக்கோனா?

மாதவரம் பக்கம் 20 கறவை மாடு, 2 கிளஸ்டர் (மாட்டின் நாலு காம்பிலும் மாட்டும் கப் தொகுதி). கப்புக்குள் காம்பைப் பிடிக்கும் கறுப்பு ரப்பர் குழாய், அதாவது லைனர், சீக்கிரமே உப்பிப் பிசுபிசுக்கிறது, சிலிக்கோனுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கறுப்பு நைட்ரைல் ரப்பரிலேயே நிற்கிறோம். லைனரை எப்போது மாற்றுவது என்பதில் கைகொடுத்தது "மாதத்தைப் பார்க்காதீங்க, கறவையை எண்ணுங்க" என்ற யோசனைதான். 20 மாடு, 2 வேளை, 2 கிளஸ்டர் என்றால் ஒரு லைனருக்கு நாளொன்றுக்கு 20 கறவை. ரப்பருக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 2,500. அதாவது 125 நாள். வெளியே பளபளவென்று இருந்தாலும் அதற்குமேல் ஓட்டக் கூடாது. உள்ளே கொழுப்பு ஊறி இழுவை போய்விடும், காம்பு நுனி சிவக்கும்.

கழுவும் முறையும் மாறியது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு 70 டிகிரியில் காரக் கரைசல். அது 40 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கொழுப்பு திரும்ப ஒட்டும். போர் தண்ணீர் உப்பு என்பதால் வாரம் ஒருமுறை அமிலக் கழுவல். குளோரினோடு அதைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

எதிர்பாராதது: சோதனைக்கு ஒரு கிளஸ்டரில் போட்ட சிலிக்கோன் உப்பவில்லை, ஆனால் கிளாவின் (நாலு கப்பின் பாலும் வந்து சேரும் கிண்ணம்) குழாய் முனையின் கூர் விளிம்பு பட்டுக் கிழிந்தது. சின்னக் கீறல் விழுந்தாலே சிலிக்கோன் பிளந்துவிடும். நைஸ் எமரி தாளால் விளிம்பை மழுக்கியபின் அடுத்த செட் தாங்குகிறது. சிலிக்கோன் வாங்குபவர்கள் ஷெல்லின் (லைனரைச் சுற்றியிருக்கும் வெளிக் கூடு) நீளம் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் காம்பிலிருந்து நழுவும்.