பதில்: சிவிக்குத் தமிழில் என்ன? ‘பணிக்குறிப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். மடல்கள் குவிந்துவிட்டதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

> இறுதியாண்டு மாணவர்களுக்கான வேலைதேடல் கையேட்டில் சிவி, ரெஸ்யூம், பயோடேட்டா மூன்றுக்கும் ‘தன்விவரக் குறிப்பு’ என்றே போட்டுவிடலாமா?

போடக்கூடாது என்பது என் கட்சி. பயோடேட்டா என்றால் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், மணமானவரா என்ற விவரம், கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று எழுதி ஊர், தேதி, கையொப்பம். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு சேர்த்துக் கேட்பதும் இதைத்தான். ‘தன்விவரம்’ அதற்குக் கச்சிதமான சொல், அதற்கே இருக்கட்டும்.

ரெஸ்யூம் வேறு. ஒன்றிரண்டு பக்கம், எந்த வேலைக்கு அனுப்புகிறோமோ அதற்கு ஏற்றதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. சிவி என்பதை அமெரிக்காவில் பெரும்பாலும் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும்தான் சொல்கிறார்கள். கட்டுரை, கருத்தரங்கு, நடத்திய பாடம் எல்லாம் ஏறி அது பத்துப் பக்கம் போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பிரிட்டனிலும் இலங்கையிலும் அந்த ஒன்றிரண்டு பக்கத் தாளுக்கே சிவி என்றுதான் பெயர். நம்மூரில் ஒரே ஃபைலுக்கு மூன்று பெயரும் உண்டு.

ஆகவே என் முன்மொழிவு: ஒன்றிரண்டு பக்கத் தாளுக்குப் ‘பணிக்குறிப்பு’. பல்கலைக்கழகம் கேட்கும் நீண்ட ஆவணத்துக்குப் ‘பணிவரலாறு’.

‘தன்விவரம்’ என்று தலைப்புப் போட்டால் மாணவர் தன்னைப் பற்றித்தான் எழுதுவார். வீட்டு முகவரி வரும், அப்பாவின் தொழில் வரும், பொழுதுபோக்கு என்று கிரிக்கெட்டும் வரும். வேலை கொடுப்பவர் தேடுவது மட்டும் வராது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி வயது, மதம், மணமானவர் என்பது ஆகியவற்றைப் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டுவது பொதுவாகச் சட்டவிரோதம். அங்கே இவற்றை சிவியில் எழுதும் வழக்கமே இல்லை, புகைப்படமும் ஒட்டுவதில்லை. நம் பிள்ளைகள் அந்த ஊருக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள்.

> ‘பணிப்பதிவு’ இன்னும் எளிமையாக இல்லையா?

குழுவில் அரசு ஊழியர்கள் இருந்தால் சிரிப்பார்கள். பணிப்பதிவேடு என்றால் அவர்களுக்கு எஸ்ஆர், அதாவது சர்வீஸ் ரெஜிஸ்டர். ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை எல்லாம் ஏறி ஓய்வூதியம் வரை கூடவே வருவது. அதை எழுதுவதும் அலுவலகம்தான், ஊழியரல்ல.

> ‘வினைக்குறிப்பு’?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலக்கணக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், குறிப்புவினைக்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் அது. குறிப்புவினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. சேர்ந்த மாதமும் விலகிய மாதமும் தெரியாத தாளை எந்த மனிதவள அதிகாரியும் கீழே வைத்துவிடுவார்.

> ‘தகுதியுரை’?

எனக்கும் பிடித்திருந்தது. சிக்கல் ‘தகுதி’யில்தான். ஆசிரியர் தகுதித் தேர்வு, கல்வித்தகுதி என்றே கேட்டுப் பழகிய காதில் அது சான்றிதழாகத்தான் விழும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து அட்டவணை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

> வேலைக்கே போகாதவன் ‘பணி’க்குறிப்பில் எதை எழுதுவான்?

இந்தத் தொடரில் வந்ததிலேயே கனமான கேள்வி இது. நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுவேதான் காரணம். தமிழில் பணி என்றால் சம்பளம் வாங்கியது மட்டுமா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் யாருக்குச் சம்பளம்? களப்பணி, கோயில் திருப்பணி எல்லாம் அப்படித்தான். ‘உன் பணியைக் குறி’ என்று சொன்னால், இறுதியாண்டு புராஜெக்டில் நால்வரில் தான் செய்த பங்கு எது, முகாமில் எத்தனை வீடு ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார், மாமாவின் மருந்துக்கடையில் காலாவதியாகப் போகும் சரக்கை எப்படிப் பிரித்து வைத்தார் என்று மாணவர் யோசிக்கத் தொடங்குவார். ‘கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர், விரைவில் கற்பவர்’ என்று எல்லோரும் எழுதும் மூன்று வரி தானாகவே உதிர்ந்துவிடும்.

கையேட்டு வரைவிலிருந்தே ஒரு வரி:

‘கணக்குப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றிய அனுபவம் உள்ளது.’

இதை வைத்து என்ன முடிவெடுப்பது? இப்படி மாற்றலாம்:

‘மாதம் 300 பில்களை டேலியில் ஏற்றினேன், ஜிஎஸ்டி 3பி படிவத்துக்கான கணக்கை 20ஆம் தேதிக் கெடுவுக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒப்படைத்தேன்.’

அளவு இருக்கிறது, மென்பொருளின் பெயர் இருக்கிறது, கெடு தெரிந்தவர் என்பதும் தெரிகிறது. (எண் சும்மா உதாரணத்துக்கு. அவரவர் உண்மையான எண்ணைப் போடட்டும், நேர்முகத்தில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.)

> ஆக்‌ஷன் வெர்ப் என்பதற்கு ‘செய்வினை’ போதுமா?

‘ஒவ்வொரு வரியிலும் செய்வினை வையுங்கள்’ என்று அச்சிட்டுப் பாருங்கள், கையேட்டை மந்திரவாதியிடம் எடுத்துப் போவார்கள்! ‘வினைமுற்று’ போதும், பள்ளியிலேயே படித்த சொல். ஆனால் அந்த அறிவுரையையே தமிழுக்கு மாற்றி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் வரியை வினையில் தொடங்கச் சொல்கிறார்கள், படிப்பவர் கண் இடது ஓரமாக இறங்குவதால். நமக்கு வினைமுற்று கடைசியில்தான் வரும். ஆகவே ‘எண்ணிலோ செய்த பொருளிலோ தொடங்கு, வினைமுற்றில் முடி’ என்று எழுதலாம். ‘ஏன்’ விகுதி இருக்கும்போது ‘நான்’ எங்கும் தேவையில்லை. ‘செய்தல், பராமரித்தல், கண்காணித்தல்’ என்று தொழிற்பெயராக அடுக்குவதையும் விட்டுவிடலாம், அதில் ஆளே இருப்பதில்லை.

நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாளப் பயன்படுத்தும் ஏடிஎஸ் (அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்) மென்பொருளுக்கு ‘விண்ணப்ப வடிகட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல் பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்தும். வந்த விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கி, தேடுவதற்கு ஏற்றபடி வைப்பதுதான் அந்த மென்பொருளின் முதல் வேலை. ‘விண்ணப்ப அடுக்கி’ என்கிறேன். அடுக்கி படிக்க முடிந்தால்தான் தேடலில் அகப்படுவோம். இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வார்ப்புருவைப் பல அடுக்கிகள் தாறுமாறாகப் படிக்கும். தமிழில் அனுப்புகிறவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவைத் தொடவே வேண்டாம்: கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் தட்டினாலும் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் வேறு மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கவேண்டும்.

கவரிங் லெட்டருக்கு ‘முகப்புக் கடிதம்’ இருக்கட்டும். நம்மைப் பற்றி வேலை கொடுப்பவரிடம் சொல்லக்கூடிய ரெஃபரியை ‘நடுவர்’ ஆக்கினால் ஊதலோடு வந்து நிற்பார். ‘சான்றுரைஞர்’ என் தேர்வு.

அன்புடன்,
சென்னையிலிருந்து

---

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

விளக்கம் நன்று. ஆனால் எங்கட பக்கத்துப் பத்திரிகை விளம்பரங்களில் ‘சுயவிபரக்கோவை’ என்றுதான் கேட்பார்கள். அது ஊன்றிவிட்ட சொல். உங்கள் கையேடு இங்கத்தைய மாணவர் கைக்கும் வரும்; ‘பணிக்குறிப்பு’ என்றால் வேறேதோ பத்திரம் என்று தடுமாறுவார்கள். உள்ளடக்கமும் சற்று வேறு. அடையாள அட்டை இலக்கம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், உறவினர் அல்லாத இருவரின் விபரம் என்பவற்றை இங்கே பலரும் எதிர்பார்ப்பார்கள். கல்வித்தகுதியை நாங்கள் ‘கல்வித் தகைமை’ என்போம். ஆகவே ‘தகைமையுரை’ என்று வைத்தால் உங்கள் தேர்வுப் பயம் இங்கே இல்லை. யோசியுங்கள்.

---

வணக்கம். ‘தகைமையுரை’ அழகாக இருக்கிறது, ஆனாலும் பெறுபேற்று அட்டவணைக்குத்தான் அது வழிகாட்டும் என்று நினைக்கிறேன். மற்றதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, விளம்பரம் கேட்கும் சொல்லை மாணவர் கையேட்டில் தேடினால் கிடைக்கவேண்டும். ‘பணிக்குறிப்பு (இலங்கை வழக்கு: சுயவிபரக்கோவை)’ என்று முதல் இடத்தில் சேர்த்து எழுதி, இலங்கை விண்ணப்பங்களுக்குத் தனிப் பெட்டிச் செய்தியும் வைக்கிறேன். அந்தப் பெட்டியை நீங்களே எழுதித் தந்தால் நல்லது.

செய்த வேலை மாதிரிகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு உங்கள் ‘கோவை’யைக் கடன் வாங்கலாம் என்று பார்த்தேன். ‘பணிக்கோவை’ என்றால் இங்கே கோயம்புத்தூரில் வேலை காலி என்று நினைப்பார்கள். ஆகவே ‘படைப்புத் தொகுப்பு’. வடிவமைப்புத் துறை நண்பர்கள் வேறு சொல் வைத்திருந்தால் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் 2ஆம் இயலின் தலைப்பை மாற்றி வரைவைக் குழுவுக்கு அனுப்பிவிடுவேன்.