புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோகும் பழைய கார்

நாற்பது நிமிடம் ஓடியதும் இன்ஜின் இருமி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பெட்ரோல் குழாயில் ஆவி அடைக்கிறது என்று பலரும் சொன்னார்கள். நானும் நம்பி, குழாய் முழுக்க வெப்பத்தடுப்பு உறை சுற்றினேன். வீண் வேலை.

சென்ற வாரம் கார் நின்ற இடத்திலேயே சோதித்தேன். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலை அசைத்தேன். கார்புரேட்டருக்குள் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பெட்ரோல் பளிச்சென்று பீய்ச்சியது. ஆக, பெட்ரோல் வருகிறது. கையிலிருந்த உபரி ஸ்பார்க் பிளக்கை மாட்டிப் பார்த்தால், நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி மஞ்சளாக, நூல்போல நடுங்கியது. பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

ஆறியபின் காயிலின் முதன்மைச் சுற்றின் மின்தடையை அளந்தேன்: 1.5 ஓம். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (மின்னோட்டத்தைக் குறைக்கும் கூடுதல் மின்தடை) இணைக்க வேண்டிய காயில் அது. என் காரில் ரெசிஸ்டரே இல்லை. 12 வோல்ட் நேராகப் பாய்கிறது. சுமார் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8! அதனால்தான் காயில் கொதித்து, பொறி சோர்ந்து, இன்ஜின் நின்றிருக்கிறது. முந்தைய உரிமையாளரின் கைங்கரியம். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டுகளும் கருகியிருந்தன.

ரெசிஸ்டர் தேவைப்படாத 3 ஓம் காயில், புதிய பாயிண்டுகள், அவற்றைக் கருகாமல் காக்கும் கண்டன்ஸர் எல்லாம் மாற்றியபின் மூன்று நீண்ட பயணங்கள்; ஒருமுறைகூட நிற்கவில்லை.

இன்னொரு தொல்லை மிச்சம். சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் முரண்டு பிடிக்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் அது கொதித்து வழிகிறதென்று நினைக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கிளப்பினால் பிடித்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த தட்டு பொருத்தப்போகிறேன்.