ஷெட்யூலா, ஸ்கெஜுலா? எது சரி?

காசிமேடு பொண்ணு:
ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் பாக்குறேன். சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. கப்பல் எப்ப வருது, கன்டெய்னர் ஹார்பர் உள்ள போக கட்-ஆஃப், அதாவது கடைசி நேரம், எத்தனை மணி, நாள் பூரா இதே பேச்சுதான். நேத்து அமெரிக்கா பார்ட்டிகிட்ட "வெசல் ஷெட்யூல் அனுப்பிட்டேன்"னு சொன்னேன். அவர் "ஸ்கெஜுல்"னு திருப்பிச் சொன்னார். போனை வெச்சதும் பக்கத்து சீட்டுக்காரர், "உனக்கு இங்கிலீஷே வரல"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். ராத்திரி சோறு இறங்கல. எது சரி? டைம்டேபிளும் இதுவும் ஒண்ணா?

வண்ணாரப்பேட்டை டியூஷன் அக்கா:
ரெண்டும் சரிம்மா. ஷெட்யூல் இங்கிலாந்து வழக்கம், ஸ்கெஜுல் அமெரிக்க வழக்கம். எதைச் சொன்னாலும் முதல் அசையை அழுத்தணும். முன்னாடி 'இ' சேர்த்து 'இஸ்கெஜுல்'னு மட்டும் ஆக்கிடாத.

பேசின் பிரிட்ஜ் ரிட்டயர்டு:
பாப்பா, நான் ரயில்வேயில கோச் மெயின்டனன்ஸ்ல ஃபிட்டரா இருந்தவன். இந்த வார்த்தையோடதான் முப்பது வருஷம் சோறு தின்னேன். பெரம்பூர் ஐசிஎஃப் ஃபேக்டரி மாடல் பழைய ரயில் பெட்டிக்கு ஏ ஷெட்யூல்ங்கிற பராமரிப்பு மாசத்துக்கு ஒரு தடவை, பி ஷெட்யூல் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. பெட்டியோட கோடிச் சுவத்துல, ஒர்க்‌ஷாப்புக்கு எப்ப போய் வந்துச்சு, திரும்ப எப்ப போகணும்னு பெயின்ட்ல எழுதியிருக்கும். மழையில நனைஞ்சு கரி படிஞ்சிருக்கும், வேஸ்ட் துணியால துடைச்சிட்டுத்தான் படிப்போம். எங்களுக்கு ஷெட்யூல்னா வெறும் நேரம் இல்ல. பிரேக்ல எதைப் பாக்கணும், எதைக் கழட்டணும்ங்கிற வேலைப் பட்டியலும் அதுக்குள்ளயே இருக்கு.

டைம்டேபிள் வேற. வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும்னு அச்சடிச்சு வெச்சிருக்கிறது அது. ரீஷெட்யூல்னு சென்ட்ரல்ல அறிவிச்சா, வண்டி புறப்படுற நேரத்தையே தள்ளி வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். நடுவழியில லேட்டாகுறதுக்கு அந்தப் பேரு கிடையாது.

உன்னைப் பேசினவர்கிட்ட ஒண்ணு சொல்லு. இது லத்தீன்ல சின்னக் காகிதத் துண்டுக்கு இருந்த பேரு. பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்குப் போனப்ப அவங்களே 'செட்யூல்'னுதான் சொன்னாங்க. எழுத்தை லத்தீன் மாதிரி மாத்தினது அப்புறம். ஸ்கெஜுல்னு சொல்லணும்னு அமெரிக்காவுல வெப்ஸ்டர் 1828 அகராதியில போட்டார். எங்க கேங்குல 'செடூல்'னு சொன்ன ஆளுங்களை ஆபீசருங்க திருத்துவாங்க, அவங்க முகம் சுருங்கிப் போயிடும். அதை நினைச்சா இப்பவும் எனக்கு வலிக்குது.

வியாசர்பாடி தம்பி:
பெரியவர் சொன்ன காகிதக் கணக்கு எங்க சாதிச் சர்டிபிகேட்லயும் இருக்குக்கா. 1935 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ 1936ல ஒரு ஆணை போட்டு, அதோட இணைச்ச ஷெட்யூல்ல சாதிப் பேருங்களை வரிசையா எழுதினாங்க. அதனாலதான் தமிழ்ல பட்டியல் சாதின்னு சொல்றோம். அரசியலமைப்புலயும் அப்படித்தான், அங்க ஷெட்யூலைத் தமிழ்ல அட்டவணைன்னு சொல்வாங்க. ஆரம்பத்துல 8 அட்டவணை, இப்ப 12. தமிழ் எட்டாவதுல இருக்கு. இதுல எங்கயும் நேரம்ங்கிற பேச்சே இல்ல பாருங்க.

காசிமேடு பொண்ணு:
அப்போ பில்லோட பின்னாடி சரக்கு விவரம் எழுதி இணைக்கிற தாளையும் எங்க சீனியர் ஷெட்யூல்னு சொல்றாரே, அது இதான்! ரொம்ப நன்றிங்க தாத்தா, அக்கா, தம்பி. இன்னிக்கு சாயந்திரம் அதே பார்ட்டியோட கால் இருக்கு. ஷெட்யூல்னுதான் சொல்லப் போறேன், நிறுத்தி, தெளிவா.