மறு: டிஎக்ஸிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொலைதூர வானொலி நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் பொழுதுபோக்கான டிஎக்ஸிங் என்பதற்கு, வானொலி வரலாற்றுக் கட்டுரைக்காகத் தமிழ்ச்சொல் கேட்டு ஐயா எழுதிய மடலையும், அதற்கு வந்த மறுமொழிகளையும் படித்தேன். தொலைக்கேட்பு, தொலைநிலையக் கேட்பு, நெடுந்தொலைவு வானொலி கேட்டல், தொலைத்தேட்டம் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. டிஎக்ஸ் என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைசிக் கருத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தொலைவு என்பதற்குத் தந்திக்காரர்கள் வைத்திருந்த சுருக்கம்தான் டிஎக்ஸ். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம் அன்பர்கள் தங்களுக்குள் அதைத் தாராளமாகப் பேசட்டும். ஆனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒரு கட்டுரையில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் அதற்கு எதுவும் பிடிபடாது. அதைச் செய்கிறவரை எப்படி அழைப்பது, பிடிபட்ட நிலையத்துக்கு என்ன பெயர் என்று அடுத்தடுத்த சொற்களை அதிலிருந்து ஆக்கவும் வழியில்லை.

மீதியுள்ள நான்கில் மூன்று, கேட்டலை அடிப்படையாகக் கொண்டவை. என் மறுப்பு அங்கேதான் இருக்கிறது. 1920-களில் அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எப்படி நடந்தது என்று பார்த்தால், கேட்டல் அதில் சிறு பகுதிதான் என்று தெரியும்.

1920 நவம்பர் 2 இரவு, பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன் ஆற்றல் அப்போது வெறும் 100 வாட். 1922 முடிவதற்குள் அந்த நாட்டில் உரிமம் பெற்ற ஒலிபரப்பு நிலையங்கள் 500-ஐத் தாண்டிவிட்டன. இத்தனை நிலையங்களுக்கும் தொடக்கத்தில் ஒதுக்கியிருந்தது 360 மீட்டர் என்ற ஒரே அலைநீளம். வானிலைக்கும் சந்தை விலைக்கும் மட்டும் 485 மீட்டர். ஒரே ஊரில் இருந்த நிலையங்கள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒலிபரப்பின. உள்ளூர் நிலையம் பேசிக்கொண்டிருக்கும் வரை அதே அலைநீளத்தில் வரும் வெளியூர் நிலையம் காதில் விழாது.

அதனால் சிகாகோ நகரத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. திங்கட்கிழமை மாலை 7 மணிக்கு மேல் நகரின் நிலையங்கள் எல்லாம் ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும். நேயர்கள் வெளியூர் நிலையங்களைத் தேடட்டும் என்பதற்காகவே அந்த நிறுத்தம். வேறு சில நகரங்களும் தங்களுக்கென்று ஓர் இரவை ஒதுக்கின. தன் நேயர்கள் பிறர் நிலையத்தைப் பிடிப்பதற்காக ஒரு நிலையம் தானே வாயை மூடிக்கொண்டது என்றால், அந்த ஆர்வம் ஊரை எவ்வளவு பிடித்து ஆட்டியிருக்க வேண்டும்! உள்ளூரில் நல்ல இசைக்குழு தெளிவாக வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. நல்ல பாட்டுத்தான் வேண்டும் என்றால் திங்கட்கிழமை யாரும் வானொலிப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

அந்த இரவில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். நிலையங்களுக்கு வெவ்வேறு அலைநீளங்கள் கிடைக்கத் தொடங்கிய 1923-இல் சந்தைக்கு வந்த நியூட்ரோடைன் வகை வானொலிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் மூன்று பெரிய வட்டக் குமிழ்கள். அவற்றின் மேல் நிலையப் பெயரும் கிடையாது, அலைவரிசை எண்ணும் கிடையாது. 0 முதல் 100 வரை கோடுகள் மட்டும். மூன்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் சேர்த்துத் திருப்பினால்தான் ஏதாவது காதில் விழும். ஒரு நிலையம் கிடைத்ததும் மூன்று எண்களையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இப்படி ஏழெட்டு நிலையங்களுக்கு எண் எழுதிவிட்டால் அந்த நோட்டே வழிகாட்டி. கேடிகேஏ 47-இலும் வேறொரு நிலையம் 53-இலும் இருக்கின்றன என்றால், 50-இல் மெல்லியதாக ஒரு பியானோ கேட்கும்போது அது எதுவாக இருக்கலாம் என்று கணக்குப் போடலாம். (இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகச் சொல்வது, பெட்டிக்குப் பெட்டி அவை மாறும்.)

பிறகு காத்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், கேடிகேஏ என்பது போன்ற நிலையத்தின் அழைப்பெழுத்துகளைச் சொல்வார். அந்த மூன்று, நான்கு எழுத்துக்காகத்தான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பது. சரியாக அந்த நேரம் பார்த்து வானிரைச்சல் ‘கரகர’வென்று விழுங்கிவிட்டால் அடுத்த பாட்டும் முடியும்வரை உட்காரவேண்டும். அதற்குள் ஒலியே மங்கிப்போனாலும் போச்சு. முதல் எழுத்து மட்டும் கிடைத்தால்கூட ஒரு தடயம்: 1923 தொடக்கத்திலிருந்து புதிய நிலையங்களில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தவற்றுக்கு டபிள்யூ, மேற்கே கே. இந்த முறை வருவதற்கு முன்பே பெயர் வாங்கிய கேடிகேஏ கிழக்கில் இருந்தும் கே-யிலேயே நின்றுவிட்டது. டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி நிலையம் தன் அடையாளத்துக்கு மாட்டு மணி அடித்தது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரியாவிட்டாலும் அந்த மணிச்சத்தம் கேட்டால் போதும், டெக்சஸ் கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கியூபாவின் ஹவானாவில் 1922 அக்டோபரில் தொடங்கிய பிடபிள்யூஎக்ஸ், வெளிநாட்டு நிலையம் என்பதால் அமெரிக்க நோட்டுகளில் தனிப் பெருமையோடு இடம்பிடித்தது.

பெயர் காதில் விழுந்தவுடன் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் குமிழைத் திருப்பி அடுத்ததைத் தேடப் போய்விடுவார்கள். அதற்குமுன் ஒரு வேலை மட்டும் பாக்கி: இத்தனை மணிக்கு இன்ன பாட்டு வந்தது, இன்னார் பேசினார் என்று குறித்துக்கொள்வது. பாட்டு அங்கே சாட்சி. அந்தக் குறிப்பை அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், அவர்கள் தங்கள் நிகழ்ச்சிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று உறுதிசெய்து பதில் போடுவார்கள். 1924-இல் சிகாகோவின் எக்கோ நிறுவனம் இதற்கென்றே தபால்தலை போன்ற முத்திரைகளை வெளியிட்டது. நேயர் தன் குறிப்போடு 10 சென்ட் வைத்து அனுப்பினால், அழைப்பெழுத்து பொறித்த முத்திரை திரும்பி வரும். ஒட்டிவைக்க ஆல்பமும் விற்றார்கள்.

இவ்வளவையும் ‘கேட்பு’ என்ற ஒரு சொல் தாங்காது. தேடுவது, தடயம் பார்ப்பது, காத்திருப்பது, பிடிப்பது, பிடித்ததற்குச் சான்று வாங்குவது என்று முழுக்க வேட்டையின் வரிசை. பிற்கால வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1926 நவம்பரில், பல ஊர் நிலையங்களை இணைத்த என்பிசி வலையமைப்பு தொடங்கிய பிறகு, நியூயார்க்கில் பாடியது அவரவர் பக்கத்து நிலையத்திலேயே தெளிவாகக் கிடைத்தது. தொலைதூர நிகழ்ச்சிக்காகக் கண்விழிக்க அவசியமே இல்லை. வெறும் கேட்டலாக இருந்திருந்தால் இந்தப் பழக்கம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெருங்கூட்டம் விலகிப்போனதே தவிர, வேட்டைக்காரர்கள் கலையவில்லை. அவர்களுக்கான நேஷனல் ரேடியோ கிளப் தொடங்கியதே 1933-இல்தான்.

தொலைவு என்ற கூறு சொல்லில் கட்டாயம் வேண்டும், அதில் எல்லோரோடும் ஒத்துப்போகிறேன். மத்திய அலையில் பகல் வேளையில் தொலைவு கிடைக்காது. வெயில் இருக்கும்வரை, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள, மின்னேற்றம் பெற்ற டி என்ற காற்றடுக்கு மேலே செல்லும் அலையை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலை இன்னும் மேலே போய், அங்குள்ள அடுக்குகளில் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கீழே இறங்குகிறது. அப்படி ஓர் அடுக்கு மேலே இருக்கவேண்டும் என்று அறிவியலாளர்கள் கென்னலியும் ஹெவிசைடும் 1902-லேயே சொல்லிவிட்டார்கள். இயற்பியலாளர்கள் ஆப்பிள்டன், பார்னெட் இருவரும் பிபிசியின் போர்ன்மத் நிலைய அலையை ஆக்ஸ்ஃபோர்டில் வாங்கி நேரடியாக மெய்ப்பித்தது 1924 டிசம்பரில். ராத்திரியானால் தூரத்து நிலையம் கிடைக்கும், குளிர்காலம் இன்னும் நல்லது என்பதெல்லாம் சிகாகோ நேயர்களின் நோட்டில் அதற்கு முன்பே இருந்தன.

நம் பக்கத்து அனுபவத்தையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் சொல் நம் வாசகருக்குத்தான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டது. அது கடல் கடந்து வந்த நிலையம், சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது பாட்டும் அறிவிப்பாளரின் தமிழும். தினமும் அதே இடத்தில் முள்ளை வைத்தால் அதே நிலையம். அதைத் தொலைநிலையக் கேட்பு என்று தாராளமாகச் சொல்லலாம்; அந்தப் பரிந்துரை அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொரு சாரார், மொழியே புரியாத நிலையத்தைக்கூட நள்ளிரவில் பிடித்து, விவரம் எழுதி அனுப்பி, வண்ண அட்டை வருமா என்று தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். டிஎக்ஸிங் இவர்கள் செய்வது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இந்த வேறுபாடு தமிழில் அழிந்துபோகும்.

இனி சொல்லாக்கம். ‘தொலை’ என்ற முன்னொட்டு எனக்குத் தயக்கம் தருகிறது. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் என்று அது கருவிகளோடு பழகிவிட்டது. அந்தக் கணக்கில் எல்லா வானொலியுமே தொலைக்கேட்புத்தான். உள்ளூர்ப் பண்பலையைக் கேட்பதும் அதில் அடங்கிவிடும். தொலைவேட்டை என்று வைத்தால், தொலைவில் இருந்துகொண்டே வேட்டையாடுவது என்று பொருள் திரும்பும். தொலைவலை என்று சுருக்கினால் அலை மறைந்து வலை முன்னால் நிற்கும்.

சேண் என்ற சொல்லை முன்வைக்கிறேன். தொலைவு, உயரம், வானம் மூன்றையும் குறிக்கும் பழஞ்சொல். குறளில் உண்டு, சங்கப் பாடல்களில் தொலைநாட்டைச் சேட்புலம் என்பார்கள். வான் வழியாகத் தொலைவிலிருந்து இறங்கும் அலைக்கு இதைவிடப் பொருத்தமான முன்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே: சேண்வேட்டை. செய்பவர் சேண்வேட்டையர். பிடிபடும் நிலையம் சேணிலையம்.

தொலைத்தேட்டம் என்று எழுதிய யாழ்ப்பாணத்துத் தங்கையின் பரிந்துரையை விட மனமே வரவில்லை. தேட்டம் என்பதில் தேடலும் இருக்கிறது, தேடிச் சேர்த்த பொருளும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்தில் மணவாழ்க்கையின்போது ஈட்டிய சொத்துக்குத் தேடிய தேட்டம் என்றே பெயர். முத்திரை ஆல்பத்தை நினைத்தால் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! சிக்கல் புணர்ச்சியில் வருகிறது. சேணோடு சேர்த்தால் தண்டமிழ் போல் சேண்டேட்டம் என்று நிற்கும். நாக்கு தடுக்கும், பொருளும் தெரியாது. தொலையோடு சேர்த்தால் தொலைத்த தேட்டம் என்று காதில் விழுகிறது. அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்: செயலுக்குச் சேண்வேட்டை; ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் அட்டைகள், முத்திரைகள், நோட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேட்டம். தங்கை இசைந்தால் இரண்டையும் பட்டியலில் ஏற்றலாம்.

வேட்டை என்பதில் கொலை இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். சங்கப் பாடல்களில் பரதவர் கடலில் மீன் தேடிப் போவதும் வேட்டம்தான். வலையைப் போட்டுவிட்டு, எது வரும் என்று தெரியாமல் இரவெல்லாம் காத்திருப்பது. இந்தப் பழக்கத்துக்கு அதுதான் நெருக்கம். பேச்சுவழக்கிலும் புத்தக வேட்டை, வீட்டு வேட்டை என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். ஹாம் அன்பர்கள் ஒளித்துவைத்த ஒலிபரப்பியைத் தேடும் போட்டியை நரிவேட்டை என்பார்கள். அதோடு குழம்பாமல் இருக்கச் சேண் என்ற அடை போதும்.

சேண் யாருக்கும் புரியாது என்ற மறுப்பும் வரும் என்று தெரியும். முதல் முறை வரும் இடத்தில் ‘தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் சேண்வேட்டை’ என்று ஒரு முறை விரித்து எழுதினால் போதும், அடுத்த பத்தியில் சொல் தானே நிற்கும். சிற்றலையும் பண்பலையும் ஒரு காலத்தில் புதியவைதான். வானொலிப் பெட்டிமுன் உட்கார்ந்த மக்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

ஐயாவின் கட்டுரைக்கு இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். நகர நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்ட திங்கட்கிழமை போன்ற இரவுகளுக்கு ‘ஓய்விரவு’ என்று நினைக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் கடினம். வலுப்படுத்திய அலையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டு மேலும் வலுப்படுத்தும் ஆம்ஸ்ட்ராங்கின் பின்னூட்டுச் சுற்று உள்ள பெட்டியில் குமிழை அளவுக்கு மீறித் திருப்பினால் அந்தப் பெட்டியே அலையை வெளியிடத் தொடங்கி, அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளில் எல்லாம் ‘கூ’வென்று ஊளையிடும். அட்லாண்டிக் கடந்து ஐரோப்பிய நிலையங்களைப் பிடிக்க 1920-களின் நடுவில் நடத்திய சோதனை இரவுகளைக் கெடுத்ததில் இந்த ஊளைக்குப் பெரும்பங்கு உண்டு. வெறும் ‘ஊளை’ போதுமா, ‘பின்னூட்டு ஊளை’ என்று முழுதாகச் சொல்லவேண்டுமா? மின்னணுவியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்