மார்ஃபின் மாத்திரையும் பக்கத்து பெட் அக்காவும்

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், எலும்புல பரவிடுச்சு. டாக்டர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதி குடுத்தாங்க, நான் வாங்கி பையிலயே வச்சிருந்தேன், குடுக்கல. மார்ஃபின்னாலே கடைசி கட்டம்னுதான எல்லாரும் சொல்றாங்க, பழகிடும், அப்புறம் விட முடியாதுன்னு மாமா வேற போன்ல, அவருதான் முள் சீத்தா இலை கசாயம் வாட்ஸப்ல அனுப்புற ஆளு. அம்மா ராத்திரி பூரா பல்ல கடிச்சிட்டு முனகும், நான் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிட்டு படுத்திருப்பேன்.

பக்கத்து பெட்ல ஒருத்தருக்கு வாய்ப்புற்று. அவரு சம்சாரம், விழுப்புரம் பக்கம், அவங்கதான் கேட்டாங்க, "ஏம்ப்பா, வலிக்கு மாத்திர தரலியா?" பையில இருக்குக்கான்னேன். "பையில வச்சிருக்கியே, பைக்கா வலிக்குது?"

அவங்க வீட்டுக்காரரு ஏழு மாசமா சாப்பிடுறாராம், ஊர்ல இருக்கப்ப அத போட்டுட்டுதான் ஆடு ஓட்டிட்டு போவாராம். வலி வரட்டும்னு காத்திருக்காத, எழுதியிருக்கபடி 4 மணி நேரத்துக்கு ஒருக்கா குடு, மொத ரெண்டு மூணு நாள் கொமட்டும் தூக்கம் தூக்கமா வரும் பயந்துறாத, நீயா திடீர்னு நிறுத்தாத, மலச்சிக்கல் கண்டிப்பா வரும் அதனால இன்னிக்கே டாக்டர்கிட்ட பேதி மருந்தும் கேட்டு வாங்கிடுன்னு மளமளன்னு சொன்னாங்க. நர்ஸ்கிட்ட கேட்டேன், எல்லாமே சரிதான்னாங்க.

அன்னிக்கு ராத்திரி அம்மா தூங்குச்சு. நான்தான் தூங்கல, மூச்சு வருதான்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

-----

உங்களுக்கு அந்த அக்கா மாதிரி எங்களுக்கு ஒருத்தர் சொன்னது ரயில் கன்செஷன். அப்பாவ கூட்டிட்டு நாலு தடவ ஃபுல் காசு குடுத்து சென்னை போயிருக்கோம், கீமோ வரிசைல ஒரு தம்பி சொல்லித்தான் தெரியும், ஸ்லீப்பர்ல கேன்சர் பேஷன்ட்டுக்கு டிக்கெட் காசே இல்ல, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரில ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு போயி கவுன்டர்ல போடணும். ஆஸ்பத்திரில ஒரு போர்டு வச்சிருந்தா என்னவாம்?

-----

எனக்கு இப்படி கை குடுத்தது பக்கத்து வீட்டு பெரியம்மா. என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக், படுத்த படுக்கை, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கலன்னா புண்ணு வந்துரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற சிஸ்டர் பெரியம்மாவுக்கும் சேத்து திருப்புறது எப்படின்னு சொல்லிக் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்து உக்காந்துப்பாங்க, நான் போயி தலைக்கு எண்ண தேச்சு குளிப்பேன். ஆமா, விழுப்புரம் அக்காகூட இப்பவும் பேசுறீங்களா?

-----

இல்லங்க. டிஸ்சார்ஜ் அவசரத்துல நம்பர் வாங்காம வந்துட்டேன்.